சிற்றாற்றுத் தண்ணீர்

பந்தலுக்குள் தங்கசாமி இருந்தார். அவர் மனைவி வடிவம்மாள் உள்ளே, இறந்து கிடந்த நாத்தனார் ஆனந்தவள்ளியின் தலைமாட்டில் இருந்தாள். தங்கசாமியின் பெரியப்பா மகன் ஆவுடையப்பன் தன் ஆட்கள் நாலைந்து பேரோடு வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு இருந்தார். சங்கு ஊதும் நெல்லையப்பன் வாசலில் நின்றான். விடிவதற்குள் இரண்டு வேன்களில் வந்து இறங்கிய ஆனந்தவள்ளியின் மாணவர்கள், மூத்தவளான ரிஃபாத்தை முன்னால் விட்டுச் சுவரோரமாக நின்றார்கள். போலீஸ் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்ற தங்கசாமி, சொந்தத் தங்கையின் சாவு வீட்டிலும் யார் வந்தார், யார் வரவில்லை என்று மனதுக்குள் குறித்துக்கொண்டுதான் இருந்தார்.

முந்தின நாள் மதியம் சாப்பிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

"குளிப்பாட்டி எடுத்துர வேண்டியதானடே. இன்னும் எதுக்குக் காத்துக் கெடக்கிய?" என்றார் ஆவுடையப்பன்.

"நீர்மாலை எடுக்கண்டாமா அத்தான்?" என்று உள்ளிருந்து வடிவம்மாள் கேட்டாள்.

"பிள்ளை பெத்தவளுக்குத்தாம்மா நீர்மாலை. தாலியே ஏறாதவளுக்கு யாரு கொடம் எடுப்பா? ஊரு சிரிக்கும். மோட்டாரப் போட்டுத் தண்ணி புடிங்க."

முறை அதுதான். பிறர் வீட்டுச் சாவுகளில் தங்கசாமியே அப்படிச் சொல்லியிருக்கிறார். அப்பாவுக்கு அவர்தான் நீர்மாலை எடுத்தார். சங்கு முன்னே போக, தலைக்கு மேல் நாலு பேர் வெள்ளை வேட்டியைப் பந்தலாகப் பிடித்து வர, சிற்றாற்றிலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து குளிப்பாட்டினார்கள். பெற்ற கடனைப் பிள்ளைகள் தீர்க்கும் தண்ணீர் அது. இவள் நாதியற்றவளைப் போல மோட்டார்த் தண்ணீரில் குளித்துப் போவதா? முறையும் மனசும் ஒத்துப் போகவில்லை. முதுகை மட்டும் நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்.

குற்றாலத்து மலையைப் பார்த்தபடி மேலகரத்தில் பிறந்தவள். "அருவிக்கரையில பொறந்துட்டு உனக்கு என்னட்டி கடல் படிப்பு?" என்று அவர் கேட்டபோது, "இந்தத் தண்ணியெல்லாம் எங்கன போவுதுன்னு நெனக்க? நான் அது பின்னாலயே போறேன், அவ்வளவுதாம்ணே" என்றாள்.

போனாள். முப்பது வருஷத்துக்கு மேல் மன்னார் வளைகுடாவில், கடலுக்கடியில் வயல் மாதிரி விரிந்து கிடக்கும் கடற்புல்லைப் பற்றியே படித்தாள். மீன்குஞ்சு வளர்வதும் கடல்பசு மேய்வதும் அதில்தான். புல் அழிந்த இடங்களில் நாற்றைக் கயிற்றுச் சட்டத்தில் கட்டி நட்டு, திரும்ப வளர்த்துக் காட்டினாள். நெல் நட்ட வீட்டுப் பெண்ணுக்கு இது தோன்றாமல் இருக்குமா என்று சிரிப்பாள். எந்தெந்த நாட்டிலோ இன்று அவள் முறைப்படிதான் நடுகிறார்கள் என்ற செய்தியைத் தங்கசாமி செங்கோட்டை ரயிலில் பேப்பரில் படித்தார். எதிர் சீட்டுக்காரரிடம் "எங்க வீட்டுப் பிள்ளை" என்றார். அவளிடம் அதைச் சொன்னதில்லை.

ரிஃபாத் அருகே வந்தாள். கொச்சியில் பேராசிரியை, அவளிடமே இப்போது பலர் படிக்கிறார்கள். "ஐயா, தண்ணி ஆத்துலேருந்து எடுத்துட்டு வரட்டுமா? கடல் படிக்க வர்றவங்கள மேடம் முதல் நாள் இந்தச் சித்தாத்துலதான் எறக்குவாங்க. நாங்க எல்லாரும் எறங்கியிருக்கோம்."

தங்கசாமி தலையை அசைத்தார். வடிவம்மாள் பித்தளைக் குடங்களைக் கொடுத்தாள். "வெயில் மறைக்க ஒரு துணி கெடைக்குமா அம்மா?" என்று ரிஃபாத் கேட்டபோது, அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு, பீரோவிலிருந்து புது வேட்டி ஒன்றை எடுத்து நீட்டினாள்.

அவர்கள் திரும்பும்போது சாரல் விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. நாலு பேர் நாலு முனையில் நனைந்த வேட்டியைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். அதன் நிழலில் குடங்களை நெஞ்சோடு அணைத்தபடி மற்றவர்கள் வந்தார்கள். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

ஆவுடையப்பனும் எழுந்தார். "எடே தங்கசாமி! நீர்மாலையில்லா எடுத்துட்டு வருதாவ! எந்த முறையில? யாரு சொன்னா?"

ரிஃபாத் திகைத்து நின்றாள். "தண்ணியில வெயில் படக்கூடாதுன்னு பிடிச்சோம் ஐயா. பரிசோதனைக்குத் தண்ணி எடுத்தா இப்படித்தான் கொண்டு வருவோம். வெயில் பட்டா உள்ள இருக்குற உயிரு செத்துரும், அப்புறம் நாம எழுதுறது பொய்னு மேடம் சொல்லுவாங்க. தப்பா?"

"கேட்டியா? வெவரம் தெரியாத பிள்ளைய. கொடத்த அங்கனயே எறக்கச் சொல்லுடே."

ஒரு வார்த்தை போதும். இது வெறும் தண்ணீர்தான் என்று தங்கசாமி சொல்லிவிட்டால் முடிந்தது. அவர் செருப்பை நாற்காலிக்கடியில் கழற்றிவிட்டுத் தெருவில் இறங்கினார். வேட்டியின் பின்முனை ஒன்று தொய்ந்திருந்தது. அதைப் பிடித்திருந்தவனிடமிருந்து வாங்கித் தன் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தார்.

"நெல்லையப்பா, சங்க ஊதுலே."

நெல்லையப்பன் ஆவுடையப்பனைப் பார்த்தான்.

"அங்கன என்னலே பார்வை? கொடம் வாசலுக்கு வந்தாச்சு. ஊது."

சங்கு முழங்கியது.

பதினாறு கழிந்த மறுநாள் தங்கசாமி குற்றாலத்தில் ஒரு டீக்கடையில் நின்றிருந்தார். அடுத்த பெஞ்சில் ஒருவர் அவர் யாரென்று அறியாமல் சொல்லிக்கொண்டிருந்தார். "மேலகரத்து இன்ஸ்பெக்டர் தங்கச்சிக்கு நாதியில்லன்னு, கூலிக்கு ஆள் புடிச்சு நீர்மாலை எடுத்தாவளாம். அதும் கடல் தண்ணியாம்லா, வேன்ல வந்துச்சாம்."

தங்கசாமி கிளாஸைக் கீழே வைத்தார்.

"கூலி ஆளு இல்ல. அவகிட்டப் படிச்சவங்க. கடல் தண்ணியும் இல்ல, சித்தாத்துத் தண்ணி."