பதினாலு கழனி, ஒரு பிளாஸ்திரி

பரிமளா போனில் தீர்த்துச் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வந்து அப்பாவைச் சென்னைக்குக் கூட்டிப்போய், நர்ஸ் வைத்துப் பார்த்துக்கொள்வாளாம்.

"பொட்டி மேல இன்னா எழுதிக்கீதுன்னே உனக்குப் படிக்கத் தெரியாது. அல்சைமர் மருந்தும்மா அது, சாதா மாத்திரை இல்ல. ஏதாவது தப்பாச்சின்னா?"

சிட்டம்மாளுக்குச் சுருக்கென்றது. நாற்பது வருஷம் கூட வாழ்ந்த மனுஷனுக்கு மருந்து கொடுக்கத் துப்பில்லையாமே! அதையும் பெற்ற பெண்ணே சொல்வதா?

அந்த மறதி வியாதிக்கு டாக்டர் கொடுத்தது பிளாஸ்திரி. தினம் காலை ஒன்று. பழசை உரித்த பிறகுதான் புதுசு. இன்றைக்கு ஒட்டிய இடத்தில் பதினாலு நாளைக்கு மறுபடி ஒட்டக் கூடாது, தோல் புண்ணாகும். படித்தவளாக இருந்தால் நோட்டுப் போட்டு எழுதியிருப்பாள். சிட்டம்மாள் என்ன செய்தாள் தெரியுமா? அவள் புருஷன் கிருஷ்ணசாமி, சாலவாக்கம் பக்கம் ஏரித் தண்ணீரை வயலுக்கு வயல் முறை வைத்துத் திறந்துவிடும் நீர்க்கட்டி வேலை பார்த்தவர். அந்த முறையைத் தூக்கி அவர் உடம்பிலேயே வைத்துவிட்டாள். புஜம், மார்பு, முதுகு எல்லாம் சேர்த்துப் பதினாலு இடம், ஒவ்வொன்றும் ஒரு கழனி.

"யோவ், இன்னிக்கி யார் முறை?"

மகள் பேரையே மறந்துபோகிற மனுஷர் இதற்கு மட்டும் பட்டென்று சொல்வார். "நேத்து பனந்தோப்புக் கயனி. இன்னிக்கி கோயில் கயனி." அவர் தடுமாறுகிற நாளிலும் அவளுக்குக் கணக்குத் தப்பாது.

வியாழக்கிழமை நடவு இருந்தது. காலை ஆறரைக்கு முதுகில் ஒட்டிவிட்டு, அவருடைய தங்கை ஆதிலட்சுமியைத் துணைக்கு வைத்துவிட்டுப் போனாள். மதியம் இரண்டரைக்குத் திரும்பினால், மனுஷர் வாந்தி எடுத்துச் சுருண்டு கிடக்கிறார். உடம்பெல்லாம் வேர்வை.

"பித்தம் அண்ணி. எலுமிச்சம்பழம் புழிஞ்சிக் குடுத்தா நின்னுடும்" என்றாள் ஆதிலட்சுமி.

சிட்டம்மாள் எலுமிச்சம்பழத்தைத் தேடவில்லை. நேராக மருந்து டப்பாவைத் திறந்தாள். காலையில் ஒன்பது கவர் விட்டுப் போனாள். இப்போது எட்டுதான் இருந்தது.

"ஆதி, இதத் தொட்டியா?"

"முட்டி வலிக்கீதுன்னு அண்ணன் மொனகிக்கினே இருந்துச்சி. நடவுக்குப் போறப்ப நாமல்லாம் இடுப்புல ஒட்டிக்கினு போறமே, அந்தப் பிளாஸ்திரின்னு நெனச்சி, பதினோரு மணிக்கு ஒண்ணு ஒட்டினேன்."

வேட்டியை விலக்கினால், முட்டியில் பளிச்சென்று உட்கார்ந்திருந்தது அது.

"அடிப்பாவி! முட்டியில ஏதுடி கயனி?"

முதுகில் இருந்ததையும் முட்டியில் இருந்ததையும் உரித்தாள். ஒட்டுகிற பக்கம் உள்ளே போக மடித்தாள். அந்த இடங்களைத் தண்ணீர் விட்டு அலம்பினாள், தன் கையையும் கழுவினாள். டாக்டர் சொன்னதில் ஒன்றையும் விடவில்லை. நூற்றெட்டுக்குப் போன் போட்டாள். இரண்டு பிளாஸ்திரியையும் மருந்துப் பெட்டியையும் ஒரு பையில் போட்டுக்கொண்டே வண்டியில் ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பிரபா கேட்பதற்குள் ஒப்பித்துவிட்டாள். "ஆறரைக்கு முதுகுல ஒண்ணு, நான் ஒட்டினது. பதினோரு மணிக்கு முட்டியில ஒண்ணு, தெரியாம ஒட்டினது. ரெண்டரைக்கு ரெண்டையும் பிச்சிட்டேன். இப்பிடி ஆனா ஒரு நாளைக்குப் புதுசு ஒட்டக் கூடாதுன்னு, மருந்து குடுத்த பெரிய டாக்டர் அப்பவே சொல்லிக்கிறாரும்மா."

நாடித்துடிப்பு குறைந்திருந்தது. உடனே ஊசி போட்டு, மிஷின் மாட்டிப் படுக்கவைத்தார்கள். வாசலில் ஆதிலட்சுமி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். சிட்டம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அழுவாதடி. டப்பாவக் கைக்கு எட்டுற மாதிரி வெச்சது நான். இனிமே அது டிரங்குப் பெட்டிக்குள்ள, சாவி என் இடுப்புல."

மறுநாள் காலை பரிமளா வந்து இறங்கினாள். வரும்போதே குரல். "நான்தான் தலதலயா அடிச்சிக்கினேனே! கேட்டியாம்மா?"

கட்டிலில் கிருஷ்ணசாமி கண் விழித்துக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். அவரைக் கொண்டுபோய்விடுவாளே என்று சிட்டம்மாள் கஞ்சிக் கிண்ணத்தைத் தானே வாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் பிரபா கேஸ் சீட்டில் கண்ணை வைத்தபடியே வந்தார். "மருந்து விவரம் தெரிஞ்சவங்க யாரு?"

"நான் டாக்டர். அவர் பொண்ணு, டிகிரி முடிச்சிக்கிறேன்."

"எவ்வளவு நாளா ஒட்டறீங்க? அளவு ஏத்தினாங்களா?"

பரிமளா மருந்துப் பெட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நாலு மாசம். இன்னும் சின்ன அளவுதான், ஏத்தல" என்றாள் சிட்டம்மாள் பின்னாலிருந்து.

டாக்டர் மகளைப் பார்த்துச் சிரித்தார். "நேத்து இவங்க பிளாஸ்திரியோட வந்து மணி சொன்னதாலதான் எங்களுக்கு ஒரு நிமிஷம்கூட வீணாகல. படிச்சவங்களே பாதிப்பேர் 'ஏதோ வெள்ளை மாத்திரை'ன்னுதான் சொல்றாங்க. உங்கப்பா நல்ல கையிலதான் இருக்காரு."

சிட்டம்மாளுக்கு அந்த வார்டே கொள்ளவில்லை. பெருமை என்றால் அப்படி ஒரு பெருமை.

மாலை வீட்டுக்கு அனுப்பும் சீட்டை நர்ஸ் எழுதினார். "வீட்டுல மருந்து கொடுக்கிறவங்க பேரு சொல்லுங்க."

பரிமளா அம்மாவைப் பார்த்தாள். நடவுச் சேறு இன்னும் அவள் நகக்கண்ணில் இருந்தது. வார்டுக்கே கேட்கிற மாதிரி பரிமளா சொன்னாள்: "சிட்டம்மாள்னு எழுதுங்க."

"எங்க எழுதிக்கீது? காட்டு" என்று விரலை நீட்டினாள் சிட்டம்மாள்.

மகள் அந்த விரலைப் பிடித்துப் பேரின் மேல் வைத்தாள். "இங்கம்மா."

சிட்டம்மாள் குனிந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்:

"இன்னும் கொஞ்சம் அழுத்தி எழுதச் சொல்லுடி."