துண்டுக்கடியில் நடந்த பேச்சு

சாகப்போகிறவர் ‘திருப்தி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் சாகலாம். விதி அப்படி. கடைசி நாட்களைக் கவனிக்கும் இல்லம் எதுவானாலும், அதன் தரத்தை அங்கே சாகப்போகிறவரே நேரில் வந்து பார்த்துச் சான்று தர வேண்டும். படிவத்தின் எண் ஒன்பது-ஆ. கையெழுத்துக்கும் சாவுக்கும் நடுவில் எத்தனை நாள் என்று கேட்டு அதில் ஒரு கட்டம் உண்டு. அதை இல்லத்தோடு பேசி முடித்து நிரப்பிக்கொள்ளலாம்.

இந்த விதியை ஊரில் யாரும் குறை சொல்லவில்லை. சாரதாமணி வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்த ஒரு மனிதர் படிவம் இல்லாமல் தூக்கத்தில் செத்துப்போனார். மூன்றாம் நாள் நோட்டீஸ் வந்தது. எழுந்து சட்டை போட்டுக்கொண்டு தாலுகா ஆபீஸ் வரிசையில் போய் நின்றார். இன்னும் நிற்கிறார். ரேஷன் கடைக்குப் போகும்போது சாரதாமணி அவருக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்துவிட்டுப் போவாள்.

சாரதாமணிக்குப் பால் சொசைட்டியில் வேலை. ஊற்ற வருகிறவர்களின் பாலில் லாக்டோமீட்டரைப் போட்டு, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்வாள். அவள் சொன்னால் சொன்னதுதான். இதனால் உள்ளூரில் அவளுக்கு மரியாதை அதிகம், விருந்துக்கு அழைப்பு குறைவு.

அவள் அப்பா நாச்சிமுத்து மாட்டுத் தரகர். நாற்பத்தாறு வருஷம் சந்தையில் துண்டுக்கடியில் பேசியவர். அந்தப் பேச்சுக்கு வாய் வேண்டாம். இரண்டு பேர் கையும் துண்டுக்கு அடியில் போகும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, மூன்றைப் பிடித்தால் மூன்று. சுற்றி நிற்கிறவர்களுக்கு ஒன்றும் விளங்காது. கை உள்ளே இருக்கும்வரை யாரும் குறுக்கே பேசக்கூடாது, துண்டைத் தூக்கிப் பார்க்கக்கூடாது. கையை வெளியே எடுத்தால்தான் பேச்சு முடிந்ததாக அர்த்தம். இந்த ஒழுங்கு போலீசுக்கும் பொருந்தும்.

இப்போது அவர் வயிற்றில் கட்டி. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று பெரிய ஆஸ்பத்திரியில் எழுதி மூன்று முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்கள். எட்டு மாதமாக அப்பாவும் மகளும் இல்லம் இல்லமாக ஏறி இறங்குகிறார்கள். ஆறு இல்லங்களை அவர் தள்ளிவிட்டார். ஒன்றில் ரசம் ஆறியிருந்தது. ஒன்றில் ஆட்டோவை விட்டு இறங்குவதற்குள் சிரித்தார்கள். ஒன்றில் எல்லாக் கட்டிலும் ஒரே உயரம். அது அவருக்குப் பிடிக்கவில்லை. மற்றதற்கெல்லாம் காரணமே சொல்லவில்லை. “உருப்படி சரியில்லே அம்மிணி” என்று திரும்பிவிட்டார். உருப்படி என்றால் சந்தையில் மாடு.

ஒவ்வொரு முறையும் சாரதாமணிக்குக் கோபம் வரும். வலியில் அவர் துண்டின் நுனியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. நல்ல இடமாக ஒன்று அமையட்டும் என்று வேண்டிக்கொள்வாள். ஆனால் வீட்டுக்கு வந்து அவருக்குக் கஞ்சி காய்ச்சும்போது ஒரு சந்தோஷம் எட்டிப் பார்க்கும். இன்றைக்குத் தப்பித்தோம் என்று இருக்கும். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லக்கூடிய சந்தோஷமா அது?

ஏழாவது இல்லம் தென்னந்தோப்புகளுக்கு நடுவில் இருந்தது. காலை பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வாசலில் ஒரு பலகை: ‘செருப்பையும் வலியையும் இங்கே விடவும்.’ பக்கத்தில் மரத்தட்டுகள் வைத்த அலமாரி. மேட்ரன் ஜெபமணி வெள்ளைப் புடவையில் வெளியே வந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். சிரிக்கவில்லை.

“வாங்கய்யா. முதல்ல அதைக் கழட்டிக் குடுங்க.”

நாச்சிமுத்து செருப்பைக் கழற்றினார். பிறகு சட்டையின் கீழ் இரண்டு பட்டனைத் திறந்து வலியையும் கழற்றிக் கொடுத்தார். முற்றிய பூசணிக்காய் அளவு இருந்தது. ஜெபமணி இரண்டு கையாலும் வாங்கிப் பதினான்காம் தட்டில் வைத்து டோக்கன் கொடுத்தாள். எட்டு மாதத்தில் முதல் முறையாக அவர் நிமிர்ந்து நின்றார். அப்பா இவ்வளவு உயரம் என்பதைச் சாரதாமணி மறந்தே போயிருந்தாள்.

அவளுக்கு அழுகை வந்தது. உடனே பயமும் வந்தது. இந்த இல்லம் நல்ல இல்லமாக இருக்கும்போல் இருக்கிறதே.

உள்ளே போக ஒரு வராந்தா. நாச்சிமுத்து மூன்று எட்டு வைத்தார், அறை வந்துவிட்டது. சாரதாமணி கால் மணி நேரம் நடந்தாள். வழியில் இரண்டு இடத்தில் பெஞ்சு போட்டிருந்தார்கள். ஒன்றில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள்.

“ஏனுங்க இது இவ்வளவு நீளம்?” என்று போய்ச் சேர்ந்ததும் கேட்டாள்.

“முடியாதவங்களுக்குக் கிட்ட. முடியறவங்களுக்குத் தொலவு. அவங்கவங்களுக்குத் தக்கபடி வெச்சிருக்கறோமுங்க.”

சாரதாமணி பையிலிருந்து நோட்டை எடுத்தாள். முப்பத்திரண்டு கேள்விகள் எழுதி வைத்திருந்தாள். ஆறு இல்லங்களிலும் ஏழாவது கேள்வியைத் தாண்டியதில்லை. ஏழாவது கேள்வி ஆறுதலைப் பற்றியது.

“ஆறுதல் எங்க வெச்சிருக்கறீங்க?”

ஜெபமணி ஒரு எவர்சில்வர் சொம்பில் கொண்டுவந்தாள். சாரதாமணி பையிலிருந்த லாக்டோமீட்டரைத் துடைத்து உள்ளே விட்டாள். அது கொஞ்சம் ஆடி இருபத்தொன்பதில் நின்றது. சொட்டுத் தண்ணீர் கலக்கவில்லை. மற்ற இல்லங்களில் பதினெட்டைத் தாண்டியதில்லை. ஒன்றில் மீட்டர் அடியில் போய் இடித்தது.

“சுத்தமா இருக்குதுங்க” என்றாள். தொழிலில் பொய் சொல்ல அவளால் முடியாது. நோட்டில் சரி என்று போட்டாள்.

“கூட இருக்கறவங்களுக்கு என்ன வசதி?”

ஜெபமணி ஒரு கட்டிலைக் காட்டினாள். அதில் ஒரு அம்மாள் தூங்கிக்கொண்டிருந்தாள். தலைமாட்டில் நீல நிற மேஜை விசிறி.

“அந்த விசிறி அவங்க மருமகனுங்க. ரெண்டு மாசமாக் கட்டிலை விட்டு அந்தண்ட போகாம நின்னுட்டு இருந்தாரு. ஒருநாள் காத்தால பாத்தா இப்படி. காத்து நல்லா வருதுங்க.”

விசிறி மெதுவாகத் திரும்பி, சாரதாமணியைப் பார்த்துவிட்டு, மாமியார் பக்கம் போயிற்று. தப்பாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

சாரதாமணி இப்போது மும்முரமாகக் குறை தேட ஆரம்பித்தாள். குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். ஜன்னல் கம்பியைத் தடவி விரலைப் பார்த்தாள். பாலில் தண்ணீர் கலப்பவர்களை இருபது வருஷமாகப் பிடித்தவளுக்கு ஒரு தூசி அகப்படவில்லை. கடைசியில் முகம் கழுவும் இடத்தில் ஒரு குழாய் சொட்டியது. அவளுக்கு உயிர் வந்தது.

“அப்பா, குழாய் சொட்டுது பாருங்க.”

ஜெபமணி குழாயைத் தொட்டாள். நின்றுவிட்டது.

“கொசு இருக்குமே. தோப்பு ஓரமாச்சே.”

“இருந்துச்சுங்க. எல்லாம் படிவத்துல கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருச்சுங்க.”

நாச்சிமுத்து இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. அவர் தன் வழியில் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரை உள்ளங்கையால் தட்டினார். கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றி, மாட்டுக்குப் பார்க்கிற மாதிரி சுழி சரியாக இருக்கிறதா என்று முதுகுப்புறத்தையும் பார்த்தார். பிறகு ஜெபமணிக்கு எதிரே வந்து நின்றார். அவள் கேட்காமலே வாயைத் திறந்து காட்டினாள். எண்ணிப் பார்த்தார். எல்லாப் பல்லும் இருந்தது.

“தேவலை அம்மிணி. நல்ல உருப்படி” என்றார்.

சாரதாமணி நோட்டை மூடினாள். “இன்னும் பாதிக் கேள்வி இருக்குதுங்கப்பா.”

“நீ கேட்டுட்டு இரு. நாங்க பேசறோம்.”

ஒன்பது-ஆ படிவம் வந்தது. மேஜைமேல் வைத்தார்கள். நாட்களுக்கான கட்டம் காலியாக இருந்தது. நாச்சிமுத்து தோளிலிருந்து பச்சைக்கரைத் துண்டை எடுத்து உதறி விரித்தார். ஜெபமணி வளையலை மேலே தள்ளிவிட்டுக் கையை உள்ளே விட்டாள். இல்லத்தில் சத்தம் நின்றது. துண்டு மட்டும் கொஞ்சம் கொஞ்சம் அசைந்தது. ஒரு தடவை அவர் புருவத்தைத் தூக்கினார். ஒரு தடவை ஜெபமணி தலையை ஆட்டினாள். சாரதாமணிக்கு ஒரு எண்ணும் தெரியவில்லை. அப்பாவின் நாள் கணக்கு அந்தத் துண்டுக்கு அடியில் போய் வந்துகொண்டிருந்தது, அவள் ஓரமாக நின்றாள்.

அவர் கையை எடுத்தார்.

“படிஞ்சுருச்சுங்களா?” என்றாள் சாரதாமணி. குரல் அவளுடையது மாதிரி இல்லை.

“எங்களுக்குள்ள படிஞ்சுது. ஆனா நான் தரகன் அம்மிணி. உடமைக்காரரைக் கேக்காம எந்த உருப்படியையும் கை மாத்துனதில்லே.”

“உடமைக்காரரு யாருங்கப்பா?”

“நீதான்.”

துண்டை அவள் பக்கம் நகர்த்தினார். பெண்பிள்ளை கை அந்தத் துண்டுக்குள் போனதில்லை என்று சந்தையில் பெருமையாகச் சொல்வார்கள். இன்றைக்கு ஏற்கனவே ஒன்று போய் வந்துவிட்டது. சாரதாமணி உட்கார்ந்து வலது கையை உள்ளே விட்டாள்.

அப்பாவின் கை சூடாக இருந்தது. அவர் அவளுடைய மூன்று விரல்களைப் பிடித்தார்.

மூன்று நாள். சத்தம் போட்டு அழலாம்போல் இருந்தது. ஆனால் கை உள்ளே இருக்கும்போது முகத்தில் அழுகையைக் காட்டக்கூடாது. அவள் அவருடைய ஐந்து விரல்களையும் பிடித்தாள். அவர் மறுபடி மூன்று என்றார். அவள் ஐந்து. அவர் கொஞ்சம் யோசித்து நான்கைப் பிடித்தார். நாற்பத்தாறு வருஷத்தில் அவர் இவ்வளவு சீக்கிரம் இறங்கி வந்ததில்லை.

அவள் ஐந்தைப் பிடித்தாள். பிடித்தவள் விடவில்லை.

“விடு அம்மிணி. சொன்னா விடோணும். அப்பத்தான் அடுத்தாள் சொல்ல முடியும்.”

“பேச்சு முடியலீங்கப்பா.”

“இப்படிப் பிடிச்சுட்டு இருந்தா என்னைக்கு முடியறது?”

கேட்ட பிறகுதான் அவருக்கே அது புரிந்தது. மகளை ஒரு பார்வை பார்த்தார். சந்தையில் கில்லாடி வியாபாரிகளைப் பார்க்கிற பார்வை.

“இத்தனை நாள் பாலு சொசைட்டில வீணாப் போயிட்டியே” என்றார். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். “சேரி, பேசலாம். எனக்கென்ன அவசரம்.”

பேசினார்கள். பதினோரு மணி ஆயிற்று. ஒன்றரைக்குச் சோறு வந்தது. ரசம் சூடாகவே இருந்தது. ஜெபமணி இரண்டு பேருக்கும் ஊட்டிவிட்டாள். ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்க வாயைத் திறந்தார். “குறுக்க பேசக் கூடாதுங்க” என்று ஜெபமணி அவரை வெளியே அனுப்பினாள்.

துண்டுக்கு அடியில் நாச்சிமுத்து அவ்வப்போது கட்டைவிரலால் அவள் புறங்கையைத் தடவிக்கொடுத்தார். அப்படி ஒரு எண் தரகில் கிடையாது. சாரதாமணி அதற்கும் ஐந்து என்றே பதில் சொன்னாள்.

மூன்று மணிக்கு மேல் அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் பேரம் பேசும்போது கண்ணை மூடுகிறவர்தான். மூன்றே முக்காலுக்குக் கட்டைவிரல் நின்றது. சாரதாமணி அழுத்திப் பார்த்தாள். மூன்று என்றும் வரவில்லை, நான்கு என்றும் வரவில்லை.

வாசலில் இருந்த ஆயா உள்ளே வந்து மெதுவாகச் சொன்னாள். “மேட்ரன், பதினாலாம் தட்டு காலியா இருக்குதுங்க. வலி அங்க இல்லீங்க.”

ஜெபமணி நாச்சிமுத்துவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு படிவத்தைப் பார்த்தாள். திருப்தி என்று எழுதவில்லை. கையெழுத்து இல்லை. நாள் கட்டம் காலி.

“நீங்க கையை எடுத்தா ஐயா முடிஞ்சுட்டாருன்னு எழுதோணுமுங்க. கையெழுத்து இல்லாம எழுதுனா மூணாம் நாள் நோட்டீஸ் வரும். வரிசைல நிக்கோணும்” என்றாள்.

“எடுக்காட்டி?”

ஜெபமணி படிவத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். “எடுக்காட்டிப் பேச்சு நடக்குதுன்னுதான் எழுதோணும். துண்டைத் தூக்கிப் பாக்க எனக்கு அதிகாரம் இல்லீங்க.”

பேனாவை எடுத்து, நாள் கட்டத்தில் ‘பேச்சு நடக்கிறது’ என்று எழுதி முத்திரை குத்தினாள். பதினான்காம் தட்டின் டோக்கனைத் திரும்பக் கேட்கவில்லை.

தாலுகா ஆபீஸ் வரிசையையும் அந்த மனிதர் மோரை வாங்கிக் குடிக்கிற விதத்தையும் சாரதாமணி நினைத்துக்கொண்டாள். அப்பாவுக்கு வெயில் ஆகாது. அவள் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்தாள். நீல விசிறி இந்தப் பக்கம் திரும்பியது. இரண்டு பேருக்கும் காற்றுப் படுகிற மாதிரி அப்படியே நின்றது.

நான்கு மணிக்கு டீ வந்தது. சாரதாமணி இடது கையால் வாங்கிக் குடித்தாள். டீ நன்றாக இருந்தது. அதே கையால் நோட்டைத் திறந்தாள். இடது கை எழுத்து கோணலாக வந்தாலும் மிச்சமிருந்த கேள்விகளுக்கு நேரே ஒவ்வொன்றாகச் சரி போட்டாள். பொய் ஒன்றும் எழுதவில்லை. முப்பத்திரண்டாவது கேள்விக்கு முன்னால் நிறுத்தினாள். இந்த இல்லம் திருப்தியா என்பதுதான் அது.

“எப்படிங்க அம்மிணி எங்க இல்லம்? திருப்தியான்னு நீங்க இன்னும் சொல்லவே இல்லியே” என்றாள் ஜெபமணி, காலி டம்ளரை எடுத்தபடி.

துண்டுக்கு அடியில் அப்பாவின் கை ஆறிக்கொண்டிருந்தது. சாரதாமணி ஐந்து விரல்களையும் சேர்த்து இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாள்.

“இன்னும் பாத்துட்டு இருக்கறோமுங்க” என்றாள்.