நடைவழிச் சாக்கெட்

காலை ஆறு மணிக்குக் கிடங்கில் இருந்தவர்கள்: செங்கா, டூகல், நான். முதலாளி பெட்ரி மாடியறையில். எங்களோடு பாய்லர் பொருத்தும் லாக்லன் இல்லை. முந்தின நாள் ஷாக் அடித்து விழுந்தவன் ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை.

கிளாஸ்கோவின் ஜனவரி. வேன் கதவு பனியில் ஒட்டிக்கொண்டிருந்தது. வீட்டைச் சூடாக்கும் பாய்லர் ஒவ்வொன்றும் நாற்பது கிலோ. தூக்கி, முழங்காலால் முட்டி உள்ளே தள்ளினோம். கையுறைக்குள் விரல்கள் இருப்பதே தெரியவில்லை.

பெட்ரி விபத்து அறிக்கைத் தாளுடன் இறங்கி வந்தான்.

"லாக்லன் டெஸ்ட் பண்ணாம கை வச்சுட்டான்னு எழுதியிருக்கேன். மூணு பேரும் கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்புங்க."

"அவன் டெஸ்ட் பண்ணான்," என்றான் டூகல். "நான் பக்கத்துல நின்னேன்."

பாய்லர் சுவிட்சை அணைத்து, ஃபியூஸைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, உள்ளே ஒவ்வொரு முனையாக டெஸ்டரை வைத்துப் பார்த்திருக்கிறான் லாக்லன். எதிலும் கரண்ட் இல்லை. பிறகுதான் பம்பில் கை வைத்தான். அதற்குள் வீடு குளிர்ந்துவிட்டது. வீட்டுக்கார அம்மாள் நடைவழியில் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட்டைத் திருப்பிவிட்டாள். அதற்குக் கரண்ட் வந்தது பாய்லர் சுவிட்சிலிருந்து அல்ல, நடைவழிச் சாக்கெட்டிலிருந்து. அணைத்து வைத்த பாய்லருக்குள், தெர்மோஸ்டாட்டிலிருந்து வரும் வயர் உயிர்பெற்றது.

அந்த வயரைப் போட்டவன் நான்.

பாய்லரும் தெர்மோஸ்டாட்டும் ஒரே சுவிட்சில், ஒரே ஃபியூஸில் இருக்க வேண்டும். அணைத்தால் எல்லாம் அணைய வேண்டும். அதற்குச் சுவரோடு வயர் இழுக்க முக்கால் மணி நேரம் ஆகும். பக்கத்துச் சாக்கெட்டில் கரண்ட் எடுங்கள் என்றான் பெட்ரி. எடுத்தோம். முப்பத்தொரு வீடுகளில்.

"நீங்கதான் அப்படிப் போடச் சொன்னீங்க," என்றேன்.

"எழுத்துல இருக்கா?" பெட்ரி சிரித்தான். "வயர் போட்டது நீ. கையெழுத்துப் போடலேன்னா போலீஸ்கிட்ட உன் பேரைத்தான் சொல்லுவேன்."

தாளை நோக்கி என் கை நீண்டது.

"என் பேரையும் சொல்லுங்க," என்றாள் செங்கா. "அதுல பதினோரு வீடு நான் போட்டது."

"எனக்குப் பன்னெண்டு. பேரைத் தப்பில்லாம எழுதிக்குங்க சார், சின்னப் பேருதான்," என்றான் டூகல்.

கையை இழுத்துக்கொண்டேன். "மிச்சம் எட்டும் நான்."

"இந்தக் குளிர்ல முப்பத்தொரு வீட்டுப் பாய்லரையும் அணைக்கப் போறீங்களா? கிழவிங்க கெட்டில் தண்ணிய மூஞ்சில ஊத்துவாங்க!" என்றான் பெட்ரி.

"ஊத்தட்டும், கொஞ்சம் சூடாவாவது இருக்கும்," என்றாள் செங்கா. "ஒவ்வொரு வீடா வயரைப் பிடுங்கி ஒரே சுவிட்சுக்குக் கொண்டு வருவோம். அது முடியற வரைக்கும் புது வீட்டுல ஒரு ஸ்க்ரூ கூட முடுக்க மாட்டோம்."

"என் வேனைத் தொடக் கூடாது."

"பஸ் ஓடுது."

கோவனில் இருந்த பெட்ரியின் இன்னொரு கிடங்குக்கு அவள் போன் போட்டாள். "நீங்களும் பக்கத்துச் சாக்கெட்டுலதான் எடுத்தீங்களா?"

மறுமுனையில் ஒரு குரல்: "ஆமா. எங்க வரணும்?"

பெட்ரியின் முகத்தில் சிரிப்பு இல்லை. "வெளியே போனா திரும்பி வராதீங்க."

விலாசப் பட்டியலை ஆணியிலிருந்து நான் எடுத்தேன். டூகல் தன் வயர்ச் சுருளைத் தோளில் மாட்டினான். வெளியே இன்னும் இருட்டு. எந்த வீட்டில் யார் இப்போது குளிரில் எழுந்து தெர்மோஸ்டாட்டைத் திருப்புகிறார்களோ, எந்தக் கை எந்தப் பாய்லருக்குள் இருக்கிறதோ.

"முதல் வீடு எது?" என்றாள் செங்கா. படித்துச் சொன்னேன். மூவரும் வாசலைத் தாண்டினோம். பின்னால் கதவு சாத்தப்பட்டது. சாவி இரண்டு முறை திரும்பியது.