மஜீத் பாய் தொடாத விரிசல்

முத்தியால்பேட்டை மஜீத் பாய்க்கு உடம்பில் ஒரு கோளாறும் கிடையாது. விரிசலைக் கண்டால் கை மட்டும் சும்மா இருக்காது. நோணாங்குப்பம் படகுகளுக்கு பைபர் ஒட்டுவது தொழில். எதிர்வீட்டுத் தனக்கொடியின் தண்ணீர்த் தொட்டியைக்கூடக் கேட்காமலே ஒட்டிக் கொடுத்தவர். கசியாத தொட்டி என்று அவள் இன்றைக்கும் தெருவெல்லாம் சொல்கிறாள்.

அந்தச் சனிக்கிழமை பட்டறை அலமாரியில் ஒரு பைபர் தகடு கிடந்தது. ஒரு ஓரத்தில் விரிசல். யாரோ வைத்துவிட்டுப் போன வேலை என்று எடுத்தார். விரிசலை அரைத்தெடுத்து, கண்ணாடியிழை மேட் வைத்து, ரெசின் பசை பூசி, உப்புத்தாள் போட்டுக் கல்யாணப் பெண் கன்னம் மாதிரி வழவழப்பாக்கிவிட்டார்.

எம்.டெக். படிக்கும் மகள் மரீஹா வந்து பார்த்தாள்.

"அத்தா, இதுல யாரு கை வச்சது?"

"ஏம்மா, நல்லா இல்லயா?"

"இது என் ப்ராஜெக்ட். விரிசல் தானா ஒட்டணும். உள்ள கடுகவிடச் சின்னதா ரெசின் குமிழு வச்சிருக்கேன், சிவப்புச் சாயம் கலந்து. விரிஞ்சா குமிழு உடைஞ்சு ரெசின் எறங்கி இறுகிக்கும். நாந்தான் அடிச்சு விரிசல் விட்டு, ஷெட்டு சூடு நல்லதுன்னு இங்க வச்சேன். திங்கக்கிழமை காட்டணும். வேற தகடு இல்ல."

வாசலில் நின்ற தனக்கொடிக்கு இதைவிட நல்ல சனிக்கிழமை வாய்க்குமா?

"பொண்ணு படிப்பையும் ஒட்டிட்டியா பாய்?"

பாய்க்கு முகம் தொங்கிப்போனது. "இப்ப என்னம்மா செய்யறது?"

"அந்தப் பக்கம் குமிழெல்லாம் அப்படியே இருக்கு. அங்க ஒரு அடி போடணும்." சுத்தியலை அவரிடமே நீட்டினாள்.

ஒட்டியே பழகிய கை. முதல் அடி ஈ விரட்டியது மாதிரி விழுந்தது. அடுத்ததில் விரிசல் விட்டது.

ஞாயிறு முழுக்க பாய் ஸ்டூலைப் போட்டுத் தகட்டுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார், கையிரண்டையும் அக்குளில் செருகிக்கொண்டு. மனைவி நபீசா சோறு கொண்டுவந்தாள். "ஒரு கைய வெளிய எடுங்க, சாப்பிடத்தான்" என்றாள். தூசி தட்டலாமே என்று ஒருமுறை எழுந்தார். தனக்கொடி ஜன்னலிலிருந்து இருமினாள். உட்கார்ந்துவிட்டார்.

திங்கள் காலை விரிசல் இருந்த இடத்தில் மயிரிழை போல ஒரு சிவப்புக் கோடு. மரீஹா தகட்டின் இரண்டு முனையையும் பிடித்து வளைத்துப் பார்த்தாள். கோடு வாய் திறக்கவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தி வளைத்தாள். அப்போதும் இல்லை.

"நா தொடவே இல்லம்மா. வேணும்னா தனக்கொடிய கேளு."

"தெரியும் அத்தா," என்று தகட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டாள். "நீங்க தொட்டிருந்தா கோடு தெரிஞ்சிருக்குமா?"