803-ஆம் வீட்டு உப்பு

டோஃபு வாங்கிக்கொண்டு லிஃப்டிலிருந்து வெளியே வந்த ஹேரான், எதிரே மகனைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். எட்டு வயது தாவோன், பலகாரம் ஆறவைக்கும் மூங்கில் தட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கையில் கிண்ணத்தோடு 803-ஆம் வீட்டு வாசலில் நின்றிருந்தான். அந்த வீட்டு பேக் ஐயா சோற்றுக் கரண்டியால் தட்டின்மேல் ஒரு போடு போட்டுவிட்டு, கிண்ணத்தில் உப்பைக் கொட்டினார்.

"இந்தா. இனிமே ராத்திரி நனைக்கக் கூடாது, சரியா ராசா?"

யார் வேலை என்று கேட்கவே தேவையில்லை. சூசோக் அறுவடைப் பண்டிகைக்கு வந்து தங்கியிருக்கும் நாத்தனார் மல்சுன்தான். படுக்கையை நனைத்த பிள்ளையின் தலையில் முறத்தைக் கவிழ்த்து, அக்கம்பக்கத்தில் உப்பு வாங்கிவர அனுப்புவது அவள் வளர்ந்த ஊரின் வழக்கம். அடுக்குமாடியில் முறத்துக்கு எங்கே போவாள்? கைக்குக் கிடைத்த தட்டைக் கவிழ்த்துவிட்டாள்.

வீட்டுக்குள் வந்ததும் தாவோன் உப்புக் கிண்ணத்தை மேசைமேல் வைத்துவிட்டு, குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டான்.

"யாரைக் கேட்டு அனுப்புனீங்க அக்கா?"

"ஒரு விளையாட்டுக்குத்தானே! எட்டு வயசாச்சு, இன்னும் மெத்தை ஈரம். நீ குடுக்குற செல்லம்."

"உள்ளங்கை அளவு ஈரம் அக்கா! உள்ளங்கை அளவு!"

ஏழு வாரமாக அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். உள்ளாடையில் செருகி வைக்கும் சின்ன மணி, துளி ஈரம் பட்டதும் வீடே அதிர அலறும். தாவோனைத் தவிர எல்லோரும் எழுந்துகொள்வார்கள். அவனைத் தட்டி எழுப்பி, கழிப்பறைக்கு நடத்தி, விரிப்பை அவனையே மாற்றவைத்து... திட்டக் கூடாது, ஈரத்தின் அளவு சுருங்குகிறதா என்று மட்டும் பாருங்கள் என்றிருந்தார் டாக்டர். நேற்று ராத்திரிதான் முதல் தடவையாக, யாரும் எழுப்பாமல் மணிச் சத்தத்துக்கு அவனே எழுந்து மிச்சத்தைக் கழிப்பறையில் போய்விட்டு வந்திருந்தான். ஜெயித்த பிள்ளைக்குத்தான் இந்த ஊர்வலம்!

"விடு ஹேரான்" என்று சிரித்தான் அவள் கணவன் சங்ஹூன். "நானும் உப்பு வாங்கினவன்தான். கெட்டா போயிட்டேன்?"

"எத்தனை தடவை வாங்குனீங்க?"

மல்சுன் பெருமையாகச் சொன்னாள்: "இவனா? ஆறாவது படிக்கிற வரைக்கும். தெருவுல ஒரு வீடு பாக்கியில்ல."

"அப்போ அத்தனை உப்பும் என்னத்தைக் கிழிச்சுது?"

சங்ஹூனின் சிரிப்பு நின்றுபோனது. "எதிர்வீட்டுல என் வகுப்புப் பொண்ணு இருந்தா அக்கா" என்றான் மெதுவாக. "அங்கயும் அனுப்புனீங்க."

குளியலறைக்குள்ளிருந்து குரல் வந்தது. "அம்மா, எனக்கு மணி வேணாம். டயப்பரே போதும்."

ஹேரான் குளியலறைக் கதவருகே போனாள். பிள்ளை மனதார மாட்டிக்கொள்ளாவிட்டால் மணியால் பயனில்லை.

"ஏன்டா கண்ணா?"

"எழுந்தாலும் எல்லாரும் சிரிக்கத்தானே செய்யுறாங்க. நான் எழுந்தது அந்தத் தாத்தாவுக்குத் தெரியுமா?"

ஹேரான் உப்புக் கிண்ணத்தை எடுத்து நாத்தனாரின் கையில் வைத்தாள். "நீங்களே திருப்பிக் குடுத்துட்டு, நேத்து நடந்ததைச் சொல்லிட்டு வாங்க."

"வயசுல பெரியவ, நான் போய் அவர் வாசல்ல நிக்கணுமா?"

"அவன் சின்னவன். அவன் போய் நின்னானே!"

மல்சுன் தம்பியைப் பார்த்தாள். அவன் எழுந்துபோய் வாசல் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டான். வேறு வழியில்லாமல் அவள் செருப்பை மாட்டினாள்.

"...இல்லீங்க ஐயா, பையன் தானாவே எழுந்திருச்சிருக்கான். எனக்குத்தான் தெரியல..." அவள் குரல் வீட்டுக்குள் கேட்டது. குளியலறைத் தாழ் மெல்ல விலகியது. தாவோன் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான், கடைசி வார்த்தை வரைக்கும்.

ஹேரானுக்குக் கோபம் ஆறவில்லை. மதியச் சோற்றை இன்றைக்கு அவரவரே போட்டுக்கொள்ளட்டும் என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். தாவோன் வந்து அவள் தோளில் சாய்ந்தான்.

"அம்மா, மணிக்குப் பேட்டரி மாத்திடு. நேத்து சத்தம் கொஞ்சம் கம்மியா இருந்துச்சு."