ஐஸ் இல்லாமல் ஐந்து கிளாஸ்

பதினொன்றரை மணிக்கு, மிதவை உணவகத்தின் சமையல்கட்டுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து அணைத் தண்ணீருக்குள் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். காலையில் தின்ற ஒட்டரிசியும் வறுத்த கோழியும்தான். விழுந்த உடனே ஜிலேபி மீன்கள் கூட்டமாக வந்து, ஒன்றையொன்று இடித்துத் தள்ளிக்கொண்டு தின்றன. இன்னும் அரை மணி நேரத்தில் இவற்றில் ஒன்றைப் பிடித்து, வயிற்றில் எலுமிச்சம்புல்லைத் திணித்து, மேலே உப்பை அப்பிச் சுட்டு ஏதாவது ஒரு குடும்பத்தின் முன்னால் வைப்பார்கள். அவர்களும் விரலை நக்கிக்கொண்டே தின்பார்கள். வாயைக் கொப்பளித்து, உதட்டுச் சாயத்தை மறுபடி பூசிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

வேலை என்பது பீர் விற்பது. உடம்போடு ஒட்டிய நீலக் கவுன், மார்புக்குக் குறுக்கே ஒரு பட்டை, பட்டையில் பெல்ஜியத்து பீர் ஒன்றின் பெயர். திங்கள் முதல் வெள்ளி வரை கோன் கேன் மீன்வலைத் தொழிற்சாலையில் இரவு வேலை. சனி, ஞாயிறு பகலில் இது. நர்சிங் படிப்பை இரண்டாம் வருடத்தில் விட்டவளுக்கு இந்தப் பக்கத்தில் கிடைப்பது இவ்வளவுதான். படிப்பு ஏறவில்லை என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். ஏறியது. காலையில் எழுந்து மனிதர்களின் முகத்தைப் பார்க்கத்தான் பிடிக்கவில்லை.

இங்கே வருகிறவர்களுக்கு எந்த பீர் என்பது கட்சி மாதிரி. வாத்தியார்கள் சிறுத்தைப் படம் போட்டதைக் கேட்பார்கள். லாரிக்காரர்களுக்கு யானை. அதிகாரியைக் கவனிக்க வருகிற காண்ட்ராக்டர் சிங்கத்தை வரவழைப்பார். மகளை வெளிநாட்டுக்காரனுக்குக் கட்டிக்கொடுத்த வீட்டார் பச்சை பாட்டிலைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார்கள். சிங்கம் கசக்கிறது, யானை மறுநாள் தலையைப் பிளக்கிறது, வெளிநாட்டுச் சரக்கில் நுரையைத் தவிர ஒன்றுமில்லை என்று மேசையைத் தட்டித் தட்டி வாதாடுவார்கள். அப்புறம் கிளாஸில் நான்கு கட்டி ஐஸைப் போடச் சொல்லுவார்கள். ஐஸ் கரைந்த பிறகு எல்லாம் ஒரே மஞ்சள் தண்ணீர். பீர் விற்கிற பெண்கள் எல்லோருக்கும் இது தெரியும். சொல்லமாட்டோம். சிறுத்தைக் கவுன் போட்டுக்கொண்டு பத்து வருடமாக இங்கே நிற்கிற சோம்சி அக்கா, வேலை முடிந்தால் யானையைத்தான் வாங்கிக் குடிப்பாள். எனக்கு எதுவுமே பிடித்ததில்லை. எது எது என்று பிரித்துச் சொல்லவும் தெரிந்ததில்லை.

போன மாதம்வரை அப்படி. இப்போது எனக்குப் பத்து வாரம். காரணமானவன் ரயோங் பக்கம் ஏதோ தொழிற்சாலைக்குப் போய்விட்டான். அவனைப் பற்றி அதற்குமேல் ஒன்றுமில்லை. வைத்துக்கொள்வதா, கலைப்பதா என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்கத் தொடங்கினால் குமட்டுகிறது. உலகத்தில் இவ்வளவு நாற்றம் இருந்தது இதற்கு முன் தெரியாது. மீன்சாஸ், மனிதர்களின் கழுத்து, மேசை துடைக்கிற துணி, பல கை மாறி நாறுகிற நூறு பாட் தாள், எல்லாவற்றுக்கும் மேலே பீர்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. நவம்பரில் பாங்காக்கின் பெரிய கடைவளாகங்களுக்கு முன்னால் மூன்று மாதத்துக்கு பீர்த் திடல் போட்டுத் திறந்தவெளியில் விற்பார்கள். எங்கள் பகுதியிலிருந்து ஒரு பெண்ணை அனுப்புவதாக எங்கள் பீர்க் கம்பெனி மேற்பார்வையாளர் விதூன் சொல்லியிருந்தார். ஆளைத் தேர்ந்தெடுக்க அன்றைக்கு அவரே வந்திருந்தார். கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தார். போன வருடம் போனவளுக்கு வயிற்றில் இருப்பது தெரிந்து அன்று மாலையே பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். எனக்கு அந்த மூன்று மாதம் போதும். இந்த வலை நூல், இந்த மீன், இந்த ஊர் இவற்றிலிருந்து கிளம்பிவிட வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பன்னிரண்டு மணிக்கு சியா பெங் குடும்பத்தோடு வந்தார். ஜல்லிக் குவாரி முதலாளி. சீன வம்சத்துப் பணக்காரரை இங்கே சியா என்றுதான் கூப்பிட வேண்டும். மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். எழுபது மேசை விருந்து. அவர் வழக்கமாகச் சிறுத்தை குடிப்பவர், அதாவது சோம்சி அக்காவின் ஆள். அவள் ஏற்கெனவே அவர் தோளுக்குப் பின்னால் போய் நின்றுவிட்டாள். நானும் போய்க் கும்பிட்டு, கல்யாணத்துக்கு எங்கள் பீரைப் போட்டுப் பாருங்கள், ஆரஞ்சுத் தோல் வாசனை வரும் என்று மனப்பாடமாக ஒப்பித்தேன்.

சியா என் பட்டையிலிருந்த பெயரை வாசிக்கப் பார்த்தார். படிக்க வரவில்லை. வெளிநாட்டு பீர் என்பதெல்லாம் பாட்டிலுக்குக் கொடுக்கிற காசு, கண்ணைக் கட்டிவிட்டால் விற்கிறவளுக்கே அடையாளம் தெரியாது என்று பக்கத்து மேசைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். உறவுக்காரர்கள் சிரித்தார்கள்.

"தெரியும் சியா," என்றேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே விளங்கவில்லை. விதூன் சார் தலையை நிமிர்த்திப் பார்த்ததால் இருக்கலாம்.

"அப்படியா பாப்பா? அஞ்சு கிளாஸ் வைக்கிறேன். அஞ்சையும் சரியா சொன்னா எழுபது மேசைக்கும் உன் பீர்தான். ஒண்ணு தப்புனாலும் அந்தப் பட்டையக் கழட்டிட்டு சோம்சி பீர நீ ஊத்தணும்."

"ஐஸ் போட்டா, போடாமயா?" என்று கேட்டாள் சோம்சி அக்கா.

"போடாம. வெள்ளக்காரன் குடிக்கிற மாதிரி."

அவள் தன் கைக்குட்டையால் என் கண்ணைக் கட்டினாள். அது முழுக்க வியர்வையும் பவுடரும். முடிச்சை இறுக்கும்போது என் காதருகே, "எனக்கிருக்கறதே இந்த ஒரு ஆளுதான்டி, அதுவும் உனக்கு வேணுமா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

பாட்டில்கள் திறக்கிற சத்தம். பிறகு முதல் கிளாஸ் என் கைக்கு வந்தது. வெயிலில் சூடேறிய பீரை மூக்குக்கு நேராக வைத்தால் எப்படியிருக்கும் என்பதை ஐஸ் போட்டுக் குடிக்கிறவர்கள் அறியமாட்டார்கள். பிளந்து இரண்டு நாளான பலாப்பழம். யானை. இரண்டாவதில் மழையில் நனைந்த வைக்கோல், அதற்கடியில் மாட்டு மூத்திரம். சிறுத்தை. மூன்றாவது நசுக்கிய மூட்டைப்பூச்சி, பச்சை பாட்டில். ஒவ்வொன்றுக்கும் தொண்டைவரை ஏறி வந்தது. விழுங்கி விழுங்கிக் கீழே இறக்கினேன். ஒவ்வொரு பதிலுக்கும் கூட்டம் ஓ என்றது.

நான்காவதை முகர்ந்ததும் நிறுத்தினேன். வேப்பம்பூ ஊறிய தண்ணீர், அது சிங்கம். ஆனால் அடியில் அந்த அழுகல் பலா இருந்தது.

"இதுல ரெண்டு இருக்கு. சிங்கத்துல கொஞ்சம் யானைய ஊத்தியிருக்கீங்க சியா."

யாரோ சியாவின் முதுகில் தட்டிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. ஐந்தாவதை முகர வேண்டிய அவசியமே இல்லை. வெயிலில் கிடந்த ரப்பர்ச் செருப்பு, அதன்மேல் கொத்தமல்லி. என் சம்பளம் வருகிற பீர். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதன் பெயரைச் சொன்னேன்.

கட்டை அவிழ்த்தபோது எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். சியா தோற்றவர் மாதிரியே இல்லை. இப்படி ஒரு மூக்கைப் பார்த்ததில்லை, போலீஸ் நாய்கூட இவளிடம் பாடம் படிக்க வேண்டும் என்று சொல்லி, விதூன் சாரைக் கூப்பிட்டு, எழுபது மேசைக்கும் அங்கேயே எழுதிக்கொள்ளச் சொன்னார். விதூன் சாரின் முகம் எண்ணெய் பூசியது மாதிரி பளபளத்தது. பாங்காக்குக்கு நீதான், வேறு பேச்சில்லை என்றார். சோம்சி அக்கா மேசையிலிருந்த ஐந்து கிளாஸையும் ஒவ்வொன்றாக எடுத்து வாளியில் கொட்டினாள். ஐந்தும் தளும்பத் தளும்ப இருந்தன. அதை அவள் பார்த்தாள்.

இன்னொருத்தியும் பார்த்திருக்கிறாள். சியாவின் மனைவி ஜே கிம். அதுவரை ஓரமாக உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தவள், நான் தட்டுகளை எடுக்கப் போனபோது என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எத்தன மாசம்?"

எனக்குப் புரியவில்லை என்று சொன்னேன்.

"எனக்கு மூணு பிள்ளைங்க. மூணுக்கும் இதே மூக்குதான். பக்கத்து வீட்ல சோறு வெந்தா இங்க வாந்தி. ஒரு சொட்டு வாயில வைக்கல நீ. பீர் விக்கிறவ எவளாவது முகர்ந்து பாத்து சொல்லுவாளா?"

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. பெரிய மீன் அகப்பட்டது மாதிரியான சந்தோஷம். நான் கையை உருவிக்கொண்டு, சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டேன். கெஞ்சவில்லை, கேட்டேன்.

"நான் எதுக்குச் சொல்றேன்? அங்க யாரு உன்னப் பாத்துப்பா, அத யோசி," என்றாள். என் கையில் ஒரு மாங்காய்க் கீற்றை வைத்தாள். புளிக்கும், நல்லது என்றாள். அவள் விரலெல்லாம் இறால் விழுது. நான் அதைத் தட்டில் போட்டுவிட்டு நகர்ந்தேன்.

பின்னால் சோம்சி அக்கா காலி வாளியோடு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

இரண்டு மணிக்கு, சட்டப்படி, பீர் விற்பதை நிறுத்தியாக வேண்டும். அதற்குள் கிளம்பும் அவசரத்தில் விதூன் சார் ஃபைலோடு என்னிடம் வந்தார். பாங்காக்கில் கவுன் புது மாதிரி, தையல்காரருக்கு இன்றைக்கே அளவு அனுப்ப வேண்டும் என்றார். பைக்குள்ளிருந்து மஞ்சள் இஞ்சுடேப்பை எடுத்தவர், பெண்பிள்ளையைத் தான் அளப்பது சரியில்லை என்று சுற்றுமுற்றும் பார்த்தார்.

"சோம்சி, நீ கொஞ்சம் அளந்து சொல்லேன்."

வேறு கம்பெனி, ஆனாலும் இங்கே எல்லோரும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் வாளியை இறக்கி வைத்துவிட்டு, ஈரக் கையைத் தன் கவுனிலேயே துடைத்துக்கொண்டு வந்தாள். தோளை அளந்தாள், சொன்னாள். மார்பை அளந்தாள், சொன்னாள். விதூன் சார் எழுதிக்கொண்டார். பிறகு இரண்டு கைகளாலும் என்னைக் கட்டிப்பிடிப்பது மாதிரி டேப்பை முதுகுப்பக்கமாகச் சுற்றி எடுத்தாள். அவள் மேல் வாளியின் நாற்றம் முழுவதும் இருந்தது, ஐந்தும் ஒன்றாக. நான் வயிற்றை எக்கினேன். அவள் விரல்கள் என் இடுப்புப் பக்கம் வந்து, ஜிப்பு ஏறாமல் நான் குத்தியிருந்த இரண்டு ஊக்குகளின் மேல் நின்றன.

"போன தடவை இருபத்தஞ்சுன்னு இருக்கு," என்று ஃபைலைப் பார்த்துச் சொன்னார் விதூன் சார். "இப்ப எவ்வளவு?"

சோம்சி அக்கா குனிந்து டேப்பைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சியா பெங்கின் மேசையில் யாரோ கணக்குச் சீட்டைக் கேட்டார்கள். தூரத்தில் ஒரு விசைப்படகு போனது. மிதவை முழுவதும் மெல்ல ஏறி இறங்கியது. டேப்பின் இரண்டு முனைகளும் சேருகிற இடத்தில் அவளுடைய கட்டைவிரல் இருந்தது. சிவப்புச் சாயம் உரிந்த நகம். அவள் மோவாயிலிருந்து ஒரு சொட்டு வியர்வை அந்த நகத்தின் மேல் விழுந்து, வழிந்து, எண்களின் மேல் மெதுவாகப் பரவியது.