மூன்றாம் வகுப்பில் ஓர் இடம்

கூட்டம் பத்தரை மணிக்கு. தனம் பத்து மணிக்கே வந்துவிட்டாள். வேங்கிக்கால் வட்டாரக் கல்வி அலுவலகத்தின் மாடியறையில் பெற்றோருக்கென்று சுவரோரமாக நாற்காலிகள் போட்டிருந்தன. அதில் ஒன்றை இழுத்து மேசைக்கு நேர் எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அப்படிச் செய்யக்கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பாளா என்பது கவிநிலாவுக்குச் சந்தேகம்தான்.

கவிநிலா அந்த வட்டாரத்துச் சிறப்பாசிரியை. உடலிலோ மனவளர்ச்சியிலோ குறையுள்ள பிள்ளைகளைப் பள்ளி பள்ளியாகப் போய்ப் பார்த்துச் சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. செய்யாற்றிலிருந்து இங்கே வந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. இன்றைய கூட்டத்துக்குக் காரணமான அறிக்கையை எழுதியவளும் அவளே.

விஷயம் இதுதான். தனத்தின் மகள் எழிலரசி அடி அண்ணாமலைப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். பிறந்ததிலிருந்தே மூளை முடக்குவாதம். நடக்க முடியாது, வலது கை விறைத்துக்கொள்ளும், அவள் ஒரு வார்த்தை சொல்லி முடிப்பதற்குள் கேட்பவர்களில் பாதிப் பேர் வேறு பக்கம் திரும்பிவிடுவார்கள். போன மாத மதிப்பீட்டு முகாமில் கவிநிலா அவளோடு அரை மணி நேரம் உட்கார்ந்தாள். எழுத்து தெரியவில்லை, எண் தெரியவில்லை, படத்தைக் காட்டினால் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டது. ‘வீட்டுவழிக் கல்விக்குப் பரிந்துரைக்கலாம்’ என்று எழுதிவிட்டாள். அதாவது, பெயர் பள்ளிப் பதிவேட்டில் இருக்கும், பிள்ளை வீட்டில் இருக்கும், வாரத்தில் ஒரு நாள் கவிநிலா போய்ப் பார்ப்பாள். காகிதத்தில் படிக்கும்போது கருணையாகத்தான் இருந்தது.

தலைமையாசிரியர் ராமதாஸ் கெட்டவர் இல்லை. களைத்துப்போனவர், அவ்வளவுதான்.

“பாருங்கம்மா, நாங்க ஒண்ணும் தொரத்தல. பாப்பாவுக்கும் செரமம், எங்களுக்கும் செரமம். இருக்கிறது ஒரே டீச்சர். நாப்பது புள்ளைங்களப் பாப்பாங்களா, இந்த ஒண்ணப் பாப்பாங்களா? வீட்லயே இருந்தா ராணி மாதிரி இருக்கலாம்.”

“ராணி மாதிரி இருந்தா போதும்னா நான் பள்ளிக்கூடத்துல சேத்தே இருக்க மாட்டேனே சார்.”

வட்டாரக் கல்வி அலுவலர் ஆதிலட்சுமி நிமிர்ந்து பார்த்தார். “புள்ள எங்கம்மா? கூட்டிட்டு வரலையா?”

“பள்ளிக்கூடத்துல இருக்கா மேடம். இன்னைக்கு வேலை நாளுதானுங்களே.”

ராமதாசுக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. கவிநிலா குனிந்து சிரிப்பை விழுங்கினாள்.

அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. தனம் அறிக்கையின் நகலை எடுத்து மேசைமேல் வைத்து, தேதியில் விரலை ஊன்றினாள். “இது முகாம் வெச்ச நாளுங்களா மிஸ்? இதுக்கு மொத நாள் என்னான்னு தெரியுங்களா?”

கவிநிலாவுக்குத் தெரியவில்லை. தனம் பையிலிருந்து கிழித்த காலண்டர் தாளை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். பௌர்ணமி.

“எங்க வீடு கிரிவலப் பாதைமேலயே இருக்குது. வாசல்லதான் எங்க டீக்கடை. ராவெல்லாம் மைக் செட்டு, ஜனம். பௌர்ணமிக்கு எங்க ஊர்ல ஆடு மாடுகூட தூங்காது. மறுநாள் எல்லாப் புள்ளைங்களும் பெஞ்சுல தல சாஞ்சிடும், சாரையே கேளுங்க. எம்பொண்ணு கண்ண மூடிக்கிச்சுன்னு எழுதியிருக்கீங்க. கண்ண மூடிக்கல மிஸ், தூங்கிடுச்சு.”

“இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா?” என்றார் ஆதிலட்சுமி.

“சொன்னேன் மேடம். மிஸ்ஸுக்கு அன்னைக்குக் கூட்டம் ஜாஸ்தி. ‘உக்காருங்கம்மா’ன்னாங்க, உக்காந்துட்டேன்.”

கவிநிலாவுக்குக் காது சூடேறியது. சொன்னது உண்மைதான். முகாமுக்கு நாள் குறித்ததும் அவளேதான். செய்யாற்றில் யாரும் பௌர்ணமி பார்த்து முகாம் வைப்பதில்லை. அன்றைய நெரிசலில் எதுவும் நினைவில்லை என்று சொல்லித் தப்பிக்க ஒரு நொடி ஆசைப்பட்டாள். எதிரே உட்கார்ந்திருந்தவளைப் பார்த்ததும் அந்த ஆசை போய்விட்டது.

“தப்பு என்னோடதுதான் மேடம். ரிப்போர்ட்ட திரும்ப எடுத்துக்கிறேன். புதுசா பாக்கறேன்.”

“சரி, அப்போ பிரச்சினை தீந்துது” என்றார் ராமதாஸ். “மறுபடி டெஸ்ட் வைங்க. தெரிஞ்சா கிளாஸ்ல இருக்கட்டும். தெரியலன்னா வீட்டுக்கு.”

ஆதிலட்சுமியும் தலையாட்டினார். யாராக இருந்தாலும் இந்த இடத்தில் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு எழுந்திருப்பார்கள். தனம் எழுந்திருக்கவில்லை.

“பாருங்க மிஸ், நல்லா பாருங்க. எம்பொண்ணு இருவது வரைக்கும் எண்ணுவா, இடது கையால காட்டுவா. ஆனா அது தெரியுதுன்னு அவளுக்கு எடம் குடுக்காதீங்க.”

“என்னம்மா சொல்றீங்க?”

“நாளைக்கு அவளுக்கு ஜுரம்னு வெச்சிக்கங்க மேடம், ஒண்ணுமே சொல்ல மாட்டா. அப்போ மறுபடி வீட்டுக்கா? தெரியாததாலதானே புள்ளைங்கள அனுப்பறோம்? மத்த நாப்பது பேரும் டெஸ்ட்டுல பாஸ் பண்ணிட்டா உள்ள வந்தாங்க? அவளுக்கு எப்பிடி சொல்லித் தரணும்னு பாக்க டெஸ்ட் வைங்க, எத்தினி வேணா வைங்க. அவ இருக்கலாமா போலாமான்னு பாக்க வெக்காதீங்க. இத எழுதிக் குடுங்க, நான் போயிடறேன்.”

கவிநிலா இதையெல்லாம் படித்துப் பரீட்சை எழுதித் தேறியவள். பாடப்புத்தகத்தில் இரண்டு பக்கத்துக்கு இருந்தது, மனப்பாடமாகக்கூடத் தெரியும். ஆனால் கைக்கு வந்துவிட்ட வெற்றியை ஒதுக்கி வைத்துவிட்டு, அதைவிடப் பெரியதைக் கேட்கிற ஒருத்தியை இப்போதுதான் பார்க்கிறாள். என்ன பெண் இவள் என்று மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

“சட்டமும் அதத்தான் சார் சொல்லுது” என்று ஆதிலட்சுமி மெல்லச் சொன்னார்.

ராமதாஸ் பெருமூச்சு விட்டார். “சரி மேடம். ஆனா அதுக்கு என்னென்ன வசதி வேணும்? எங்க பள்ளிக்கூடத்துல ஒண்ணுமே கிடையாதே.”

“வாசப்படியில ஒரு சாய்தளம், கைப்பிடி வெச்ச நாற்காலி, அவ பேசி முடிக்கிற வரைக்கும் பொறுமை” என்றாள் தனம். “மூணாவதுதான் சார் கஷ்டம்.”

ராமதாசே சிரித்துவிட்டார். கவிநிலா அத்தனையையும் தன் கையாலேயே எழுதினாள். ‘எந்த மதிப்பீட்டின் முடிவும் மாணவி எழிலரசியின் வகுப்பறை இடத்தைப் பாதிக்காது’ என்ற வரியை எழுதும்போது பேனா கொஞ்சம் அழுந்திப் பதிந்தது. தனம் இரண்டு தடவை படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். மகளுக்கு மதியம் சோறு ஊட்டவேண்டும் என்று பஸ்ஸுக்கு ஓடினாள்.

எல்லோரும் கலைந்த பிறகு கவிநிலா முகாம் கோப்பைப் பிரித்தாள். அன்று ஒரே நாளில் இன்னும் ஐந்து பிள்ளைகளுக்கு இதே பரிந்துரையை எழுதியிருந்தாள். விலாசத்தைப் பார்த்தாள். மூன்று பேர் கிரிவலப் பாதையில் இருப்பவர்கள். அவர்களுடைய அறிக்கைகளைத் தனியாக எடுத்துக்கொண்டு எழுந்தவள், கதவு வரை போய்த் திரும்பி வந்து மிச்ச இரண்டையும் எடுத்துக்கொண்டாள்.

“மேடம், இன்னும் அஞ்சு பேர் இருக்காங்க.”

ஆதிலட்சுமி தலையில் கை வைத்துக்கொண்டார். “அஞ்சு பேரும் அன்னைக்குத் தூங்கிட்டாங்களா?”

“இல்லைங்க மேடம். மூணு பேருதான். மத்த ரெண்டு பேரும் நல்லா முழிச்சிட்டுதான் இருந்தாங்க. அவங்களுக்கு நிஜமாவே ஒண்ணும் தெரியாது” என்றாள் கவிநிலா. “அவங்களுக்கும் எடம் வேணும்.”